மின்னேட்டுக்கும் பாயிரம் வேண்டும்

சென்ற கோடை விடுமுறையில் யான் சங்கரன்கோவிலில் என் பெற்றோருடன் தங்கியிருந்த காலத்து, எதிர்வீட்டுச் சிறுமியொருத்தி மாலைதோறும் எம் வீட்டுத் திண்ணைக்கு வருவது வழக்கமாயிற்று. பத்தாம் வகுப்புக்குச் செல்லவிருந்த அவள், பள்ளி திறக்குமுன் அறிவியற் பாடத்திற் சிலவற்றையேனும் படித்து வைத்துக்கொள்ள வேண்டுமென்னும் ஆர்வமுடையவள். அவள் தந்தையார் விசைத்தறிக் கூடமொன்றில் இரவு வேலை பார்ப்பவர். அவ்வீட்டிலிருந்த கைப்பேசி ஒன்றே, அதுவும் அவருடையது. மாலை ஏழு மணிக்கு அவர் உணவருந்த அமர்வார். ஏழரை மணிக்குக் கைப்பேசியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு தறிக்கூடத்திற்குப் புறப்பட்டுவிடுவார். இடைப்பட்ட அந்த அரைமணி நேரமே அச்சிறுமிக்கு வாய்த்த கல்விக்கூடம்.

ஒருநாள் அவள் ‘மின்னோட்டவியல்’ என்னும் பாடத்திற்குரிய காணொளியொன்றைக் கல்வித் தளமொன்றில் தேடினாள். திரையில் ‘அலகு 4 பகுதி 2’ என்றும், ‘அலகு 4 பகுதி 2 புதியது’ என்றும், ‘அலகு 4 இறுதி’ என்றும் தலைப்புகள் வரிசையாகத் தோன்றின. முதலாவதைத் திறந்தாள், அஃது ஆங்கில வழியிற் பயில்வோர்க்குரியது. இரண்டாவதைத் திறந்தாள், அஃது அப்பாடத்தைக் கற்பிக்கும் முறையை ஆசிரியர்களுக்கு எடுத்துரைப்பது. மூன்றாவது அவள் வேண்டியதே. ஆயினும், அது தொடங்கி ஐந்து நிமிடம் ஆகுமுன் தந்தையார் புறப்படும் நேரம் வந்துவிட்டது. கைப்பேசியைக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு மீண்ட அவள், “எனக்குத்தான் தேடத் தெரியவில்லை, அக்கா, நான் மக்கு” என்றாள்.

அச்சொல் என் நெஞ்சை உறுத்திற்று. அவள் மக்கல்லள் என்பதை யான் அறிவேன். கடையிற் புட்டிகளின்மேல் ஒட்டிய சீட்டுகள் பிழையாயிருப்பின், மருந்து மாறிப்போனதற்கு நோயாளியையா நோவது? ஆயினும், கற்கப் புகுவோர் வழி தவறுங்கால் வழிகாட்டியைப் பழித்தல் அரிது. தம் அறிவையே பழித்துக்கொள்வர். ஏழை வீட்டுப் பிள்ளைகள் இதனை இன்னும் விரைவிற் செய்வர். பிழை சீட்டினது, பழி சிறுமியினது. இம்முறைகேட்டைப் பற்றியே யான் இக்கட்டுரையில் எழுதத் துணிந்தேன்.

ஒரு நூலைப் பற்றியோ, பாடத்தைப் பற்றியோ, படத்தைப் பற்றியோ கூறும் விவரங்களைக் கணினி வல்லுநர் ‘மெட்டாடேட்டா’ என்பர். தமிழில் அதனை ‘மீத்தரவு’ என வழங்குகின்றனர். பெயர் புதிது, பொருள் புதிதன்று. தமிழ் பயில்வோராகிய நாம் அதனை நெடுங்காலமாகப் ‘பாயிரம்’ என்னும் பெயரால் அறிந்திருக்கின்றோம். நன்னூலைச் செய்த பவணந்தி முனிவர் சிறப்புப்பாயிரத்தின் இலக்கணம் கூறுமிடத்து, நூலைச் செய்தவர் பெயர் யாது, அஃது எவ்வழி வந்தது, எந்நிலத்து வழங்குவது, நூலின் பெயர் யாது, அதன் தொடர்பு யாது, அது நுதலிய பொருள் யாது, அதனைக் கேட்டற்குரியார் யாவர், கேட்பதனால் வரும் பயன் யாது என எட்டினை வகுத்தார். இவற்றோடு காலமும் களனும் காரணமும் கூட்டிப் பதினொன்றாக உரைப்பாரும் உளர் என்றார். எத்துணைப் பரந்ததாயினும் பாயிரமில்லாததனை நூலெனக் கொள்ளலாகாது என்பதும் அவர் துணிபு. பாயிரத்திற்கு அவர் காட்டிய உவமைகளுள் ஒன்று மாநகர்க்கு அமைந்த கோபுரம். எங்கள் ஊர்ச் சங்கரநாராயணர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரத்தை நெடுந்தொலைவிலேயே கண்டு, “ஊர் வந்துவிட்டது” என்று பேருந்திலுள்ளோர் மூட்டையைக் கட்டும்போதெல்லாம் அவ்வுவமையின் நுட்பம் எனக்கு விளங்கும். கோபுரம் ஊரன்று, ஆயினும், ஊர் இஃதெனச் சேய்மையிலிருந்தே அறிவிப்பது அதுவே.

கிறிஸ்தவத் தொண்டர்களும் இப்பணியைச் சிறியதாக எண்ணினாரல்லர். 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், இரண்டே ஆண்டுகளில், அஃதாவது 1708-இல், தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஜெர்மன் மொழியில் ஓர் அட்டவணை எழுதினார். நூற்பெயர்களை வரிசையாக அடுக்குவதோடு அவர் நின்றாரல்லர். இந்நூல் எதனைப் பற்றியது, இதனைப் பற்றித் தாம் அறிந்தது யாது என்னும் குறிப்புகளையும் உடன் வைத்தார். தமிழெழுத்தையே கண்டிராத தம் நாட்டினர் அதனைப் படிக்கப் போகின்றனர் என்னும் நினைவு அவர்க்கு இருந்தது. பின்னர் 1865-இல் ஜான் மர்டாக் என்பார் அதுகாறும் அச்சேறிய தமிழ் நூல்களைப் பொருள்வாரியாக வகுத்துப் பட்டியலொன்று வெளியிட்டார். இன்றைக்கும் பழைய அச்சு நூல்களை ஆராய்வோர்க்கு அது துணையாகின்றது.

நூலகக் கலையை ஒரு சாத்திரமாகவே ஆக்கியவர் நம் நாட்டவரே. சீர்காழியில் 1892-இல் பிறந்த அரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வெளியிட்டார். அவற்றுள் நான்காவது, படிக்க வருவோரின் காலத்தைக் காக்க வேண்டுமென்பது. கணிதப் பேராசிரியராயிருந்த ஒருவர், புத்தகத்தைக் காக்கும் விதிகளோடு அமையாது, மனிதரின் காலத்தைக் காக்கும் விதியொன்றையும் வகுத்தாரென்பது எண்ணுந்தொறும் வியப்பளிக்கின்றது. எதிர்வீட்டுச் சிறுமியின் அரைமணி நேரத்தை அளவுகோலாகக் கொண்டு பார்ப்பின், அவ்விதியின் அருமை நன்கு புலனாகும்.

இனி, இக்காலத்து விவர முறைகளை நோக்குவோம். 1995-இல் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து டப்ளின் என்னும் ஊரில் அறிஞர் சிலர் கூடி ஆராய்ந்ததன் பயனாக, மின்பொருள்களை விவரிக்கப் ‘டப்ளின் கோர்’ எனப்படும் முறை தோன்றிற்று. பெயர், ஆக்கியோர், பொருள், மொழி, நாள், உரிமை முதலிய பதினைந்து கூறுகளை உடையது அது. 2002-இல் ‘ஐ.இ.இ.இ.’ என்னும் பொறியாளர் அமைப்பு கற்றற்குரிய மின்பொருள்களுக்கென்றே வேறொரு முறையை வகுத்தது. எவ்வயதினர்க்கு ஏற்றது, எத்துணைக் கடினமானது, கற்க எவ்வளவு நேரம் ஆகும் என்பவற்றிற்கும் அம்முறையில் இடமுண்டு. ஆகவே, விவரங்களைக் குறித்து வைத்தற்கு முறையில்லை என்று எவரும் சொல்லவியலாது. பாடங்களுக்கும் குறைவில்லை. 2017-இல் மைய அரசு ‘தீக்ஷா’ என்னும் கல்வித் தளத்தைத் தொடங்கிற்று. 2018 முதல் தமிழ்நாட்டில் வெளிவந்த புதிய பாடநூல்களில், மாணவர் ‘கியூஆர் கோடு’ என்று வழங்கும் கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் அச்சிடப்பெற்றன. பொருளும் உண்டு, முறையும் உண்டு எனின், குறை எங்கே உளது?

இவ்வினாவிற்கு விடை காணும் எண்ணத்தோடு, மறுநாள் என் கைப்பேசியில் யானே அத்தளத்தைத் திறந்து பார்த்தேன். தலைப்பின் ஓரத்தில் மிகச் சிறிய வட்டமொன்று இருந்தது. அதனைத் தொட்டவுடன் நீண்டதொரு பட்டியல் விரிந்தது. எண்ணும் எழுத்துமாய் இருபதுக்கு மேற்பட்ட குறிகள் கொண்ட அடையாளம், கோப்பின் வகை, பதிவேற்றிய நாள், திருத்திய நாள், உரிமத்தின் சுருக்கப் பெயர், அலுவலகக் குறியீடு ஆகிய அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. ஒன்றும் பொய்யன்று. ஆயினும், பத்தாம் வகுப்புச் சிறுமி கேட்கும் வினா ஒன்றற்கேனும் அங்கு விடையில்லை. அப்பட்டியல் பொருளைக் காத்து வைப்போர்க்காக எழுதப்பட்டது. அதனையே எவ்வித மாற்றமுமின்றிக் கற்போர் முன் விரித்துவிட்டனர். சமையலறைக் கணக்கேட்டைப் பந்தியில் இலைக்கு முன் வைத்தாற்போல் இருந்தது அது.

“யான் இதனினும் நன்றாய்ச் செய்வேன்” என்னும் செருக்கு எனக்குள் எழுந்தது. அவ்வலகிற்குரிய காணொளிகள் பன்னிரண்டையும் என் வீட்டிலிருந்தே பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் குறிப்பெழுதினேன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவியாதலின், ஆசிரியர் பெயரை முதலில் வைத்தேன்; அடுத்துத் தலைப்பு, வெளிவந்த ஆண்டு, பொருட்சுருக்கம் என முறையாக அமைத்தேன். எழுத்தும் அழகாகவே இருந்தது. அன்று மாலை அத்தாள்களைச் சிறுமியிடம் பெருமையோடு நீட்டினேன். அவள் கண்கள் மேல்வரிகளைத் தாண்டிக் கீழே எதையோ தேடின. “என்ன தேடுகிறாய்?” என்றேன். அவள் தயங்கித் தயங்கிக் கேட்ட வினாக்கள் இவை: “இது தமிழிலா, அக்கா? எத்தனை நிமிடம்? டேட்டா எவ்வளவு ஆகும்? என் புத்தகத்தில் எந்தப் பக்கம்? இதற்கு முன்னால் வேறு ஏதாவது பார்த்திருக்க வேண்டுமா?”

ஐந்து வினாக்களுள் ஒன்றற்கும் என் தாளின் முதல் நான்கு வரிகளில் விடையில்லை. யான் குறைகூறிய தளத்தார் செய்த பிழையையே யானும் செய்திருந்தேன். அவர்கள் காப்போர்க்கு எழுதினர், யான் என் பேராசிரியர்களுக்கு எழுதினேன். கற்போர்க்கு இருவரும் எழுதவில்லை. அவளுடைய கடைசி வினா என்னை இன்னும் நாணச் செய்தது. சிறப்புப்பாயிரத்தில் வரும் ‘யாப்பு’ என்னும் சொல்லிற்கு, இந்நூல் கற்றபின் இந்நூல் கற்கத்தக்கது என்னும் இயைபு என உரையாசிரியர் பொருள் கூறுவர். தேர்வுக்காக யான் மனப்பாடம் செய்த அவ்வுரையை, நன்னூலின் பெயரையே கேட்டிராத அச்சிறுமி தன் தேவையினின்றே எழுப்பிவிட்டாள்.

இரண்டாம் முறை எழுதத் தொடங்குமுன் அவளையே அருகில் அமர்த்திக்கொண்டேன். அவள் எவ்வரிசையிற் கேட்டாளோ, அவ்வரிசையிலேயே குறித்தேன். தலைப்பை, ‘அலகு 4 பகுதி 2’ என்னாது, ‘ஓம் விதி: மின்னழுத்தமும் மின்னோட்டமும் எவ்வாறு தொடர்புடையன’ என்று மாற்றினேன். அதன்கீழ், ‘தமிழ் வழி, மாணவர்க்குரியது’ என்று ஒரு வரி, நிமிடமும் டேட்டா அளவும் ஒரு வரி, பாடநூற் பக்கம் ஒரு வரி, ‘இதற்கு முன் மின்னோட்டம் என்றால் என்ன என்னும் காணொளியைப் பார்க்க’ என்று ஒரு வரி. அவ்வளவே. மறுநாள் மாலை ஏழு மணிக்குக் கைப்பேசி அவள் கைக்கு வந்தது. தாளைப் பார்த்தாள், வேண்டியதைத் திறந்தாள், முழுவதும் பார்த்து முடித்தாள். தந்தையார் கைகழுவி வருமுன் கடினமாயிருந்த ஒரு பகுதியை மீட்டும் ஒருமுறை பார்க்கவும் அவளுக்கு நேரமிருந்தது.

இத்துடன் கதை முடிந்திருப்பின், ஆசிரியர் பெயரும் ஆண்டும் வீணானவை என்று யான் முடிவு செய்திருப்பேன். ஆனால், திண்ணைக்கு வந்தவுடன் அவள் கேட்டது, “இந்த டீச்சர் யார், அக்கா? இவர்கள் நடத்திய வேறு பாடம் இருக்கிறதா?” என்பதே. யான் நீக்கிவிட்ட ஆக்கியோன் பெயர் இப்பொழுது அவளுக்குத் தேவையாயிற்று! பாடத்தைத் திறக்குமுன் எழும் வினாக்கள் வேறு. முடித்தபின் எழும் வினாக்கள் வேறு. ‘இஃது எனக்கு ஏற்றதா?’ என்பது முன்னது. ‘இதனைத் தந்தவர் யார்? இதுபோல் வேறு உண்டா? இதனைத் தோழிக்குப் படியெடுத்துக் கொடுக்கலாமா?’ என்பன பின்னவை. ஆகவே, விவரங்களுள் எதனையும் எறிந்துவிடல் வேண்டா. உள்ளே முழுவதும் இருக்கட்டும். முகப்பில் மட்டும், கேட்கப்படும் பொழுது அறிந்து, சிலவே தோன்றட்டும். வேண்டுவோர் தொட்டவுடன் எஞ்சியவை விரியட்டும். அன்று யான் கற்ற பாடம் இஃதொன்றே.

இதனோடு சார்ந்த சிலவற்றையும் ஈண்டுக் கூறல் தகும். ஒரே பொருளுக்குப் பல பெயர் வழங்குமாயின், எப்பெயராற் கேட்பினும் விடை கிடைத்தல் வேண்டும். எங்கள் ஊரை இன்று சங்கரன்கோவில் என்றும் சங்கரன்கோயில் என்றும் எழுதுகின்றோம். பழைய ஏடுகளும் ஆவணங்களும் அதனைச் சங்கரநயினார்கோயில் என்னும். 2019 வரை அது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இப்பொழுது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு பெயரை மட்டும் இட்டுத் தேடுவோர்க்குப் பிற பெயர்களில் உள்ளவை இல்லாதனவாகவே ஆகிவிடும். சதுரகராதியை 1732-இல் தொகுத்தவரை வீரமாமுனிவர் என்பாரும் உளர். பெஸ்கி என்பாரும் உளர். கிருஷ்ணபிள்ளையின் 1894-ஆம் ஆண்டுக் காப்பியத்தை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என ஒருவர் எழுத, ‘இரக்ஷணிய யாத்திரிகம்’ என மற்றொருவர் வடவெழுத்திட்டு எழுதுவர். இரண்டாம் எழுத்து முறையை அறியாமையால், ஒரு வாரம் அக்காப்பியத்தை மின்னூலகங்களிற் காணாது அலைந்த அனுபவம் எனக்கே உண்டு. ‘இப்பெயராலும் வழங்கும்’ என்று ஒரு வரி சேர்ப்பின் எத்தனை பேருடைய வாரங்கள் மிஞ்சும்!

மொழியும் எளியதாயிருத்தல் வேண்டும். ‘உரிமம்’ என்று எழுதி அதன் சுருக்கக் குறியை இடுவதினும், ‘இதனை அச்சிட்டுக்கொள்ளலாம், விற்கக் கூடாது’ என்று எழுதுவது நன்று. நிறத்தை மட்டும் கொண்டு வேறுபாடு காட்டலாகாது. நிறம் பிரித்தறிய இயலாதவர் அதனால் இடர்ப்படுவர். பார்வையற்ற மாணவர் கைப்பேசியை வாய்விட்டுப் படிக்கச் செய்து கேட்கின்றனர். பெயரிடாத சிறு வட்டமும் படமும் அவர்க்கு வெறும் மௌனமே. கணினித் திரையில் அழகாய்த் தோன்றும் அகன்ற பட்டியல், உள்ளங்கை அளவுள்ள திரையில் துண்டு துண்டாய்ச் சிதையும். செய்து முடித்தபின், செய்தவரே பார்த்து மகிழ்தல் போதாது. கற்போர் ஒருவர் கையிற் கொடுத்து, வாய்மூடி அருகிலிருந்து பார்த்தல் வேண்டும். என் முதல் தாளின் குறையை யான் அறிந்தது அவள் கண்கள் அலைந்ததைக் கண்டபொழுதன்றோ?

இவையெல்லாம் பெரும்பொருள் வேண்டும் செயல்களல்ல; பொறுமை வேண்டும் செயல்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தமிழ் நூல்களைத் தன்னார்வலர் பலர் தட்டச்சு செய்து இலவசமாய் வழங்கி வருகின்றனர். அவர்தம் மின்னூல்களின் தொடக்கத்தில் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் மட்டுமன்றித் தட்டச்சிட்டவர், பிழை திருத்தியவர் பெயர்களும் நன்றியோடு குறிக்கப்படுகின்றன. இஃதும் ஒரு பாயிரமே. கூலி கருதாது அவர்கள் செய்வதனை, கல்லூரி மாணவராகிய நாம் சிறிய அளவிலேனும் செய்தல் இயலாதா?

நம் கல்லூரியிலும் சொற்பொழிவுப் பதிவுகளும், ஆசிரியர்களின் பாடக் காணொளிகளும், இவ்விதழின் பழைய மலர்களின் மின்படிகளும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. ஒவ்வொரு மாணவரும் ஒரு பருவத்திற்கு ஐந்து பொருள்களை எடுத்துக்கொண்டு, அவற்றை முழுவதும் கேட்டோ படித்தோ, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரிப் பாயிரம் எழுதித் தரலாம். ஆசிரியர் ஒருவர் அதனைத் திருத்தலாம். முதலாண்டு மாணவர் ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். எழுதுபவருக்கும் அதனாற் பயனுண்டு. என்னை? ஒரு பாடம் யாருக்குரியது, எதன்பின் வருவது, எதற்குப் பயன்படுவது என்று ஐந்து வரியில் எழுத, அப்பாடத்தை முதலில் தாம் தெளிதல் வேண்டுமன்றோ?

அப்போஸ்தலருடைய நடபடிகளில், எத்தியோப்பிய மந்திரி ஒருவர் இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் ஆகமத்தைப் படித்துக்கொண்டு செல்வதைக் காண்கின்றோம். நூல் அவர் கையில் இருந்தது. படிக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. வழிகாட்டுவார் ஒருவரே இல்லை. பிலிப்பு ஓடிச்சென்று, அவர் படித்துக்கொண்டிருந்த இடத்தினின்றே விளக்கத் தொடங்கினார். தாம் அறிந்த வேறோரிடத்தினின்று தொடங்கினாரல்லர். கற்போர் நிற்குமிடத்திற்கு நாம் செல்லுதலே முறை. நாம் நிற்குமிடத்திற்கு அவர்களை ஓடிவரச் செய்தல் முறையன்று.

விடுமுறை முடிந்து யான் கல்லூரிக்குப் புறப்பட்ட நாளில், பன்னிரண்டு தாள்களையும் அச்சிறுமி ஒரு பழைய நாட்குறிப்பின் அட்டைக்குள் தைத்து வைத்திருந்தாள். பதின்மூன்றாவதாகத் தாள் ஒன்று இருந்தது. அஃது அவளே அடுத்த அலகின் காணொளியொன்றுக்கு எழுதியது. எழுத்துப் பிழை இரண்டு இருந்தன. ஆயினும், முதல் வரியில் அவள் எழுதியிருந்தது இது: ‘இது கொஞ்சம் கஷ்டம், இரண்டு தடவை பார்த்தால் புரியும்.’ எம்முறை வகுத்தோரும் இடம் தந்திராத அவ்வரியை யான் இன்றுவரை திருத்தவில்லை.